பித்தளை பிரஷ் போட்ட டாலர்

வெண்டல் ஸ்ட்ரோபெல், ஆரின் டாக்கெட்டுக்கு முந்நூற்றுப் பத்து டாலர் தர வேண்டும். 1971 மார்ச்சில் ஏற்பட்ட கடன். அதைக் கடன் என்று ஸ்ட்ரோபெல் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆரின் ஒருநாளும் மறந்ததில்லை.

அப்போது ஆரினுக்கு இருபத்து நான்கு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். யெரிங்டன் செம்புச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை. ஐந்து மாதம் பீர் வாசனையே பார்க்காமல், பீன்ஸும் ரொட்டியுமாகத் தின்று சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கார்சன் சிட்டியில் ஸ்ட்ரோபெலின் நாணயக் கடைக்குப் போனான். அதே ஊர் நாணய அக்கசாலையில் 1893இல் அடித்த வெள்ளி டாலர் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்தது.

“அக்கசாலைப் பையிலேருந்து நேரா வந்த காசு தம்பி. ஒரு கை படல, ஒரு துணி படல. உன் பேரன் உன்னை வாழ்த்துவான்” என்றான் ஸ்ட்ரோபெல்.

முந்நூற்றுப் பத்து டாலரை எண்ணி வைத்துவிட்டு வந்தான் ஆரின். இரண்டு வருஷம் கழித்து, டேட்டனில் ஒரு துண்டு நிலத்துக்கு முன்பணம் கட்ட வேண்டி வந்தது. காசை ரீனோவுக்கு எடுத்துப் போனான். அங்கே ஒரு வியாபாரி அதை விளக்கடியில் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார்.

“பிரஷ் போட்ட காசுப்பா இது. தேய்ச்சுப் பளபளப்பாக்கினதுக்கு மதிப்பு கிடையாது. நாற்பது டாலர் தரேன். அதுவும் உன் மூஞ்சியைப் பார்த்து.”

ஆரின் காரை நேராக ஸ்ட்ரோபெல் கடைக்கு விட்டான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஸ்ட்ரோபெல் காசைப் பார்க்கவில்லை, ஆரினின் கையைப் பார்த்தான்.

“இந்தக் கையால நீயே தேய்ச்சுட்டு என்கிட்ட வந்து நிக்கிறியா? இது கையா, உப்புக்காகிதமா? போ போ. சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம் வெள்ளியைத் தொடு.”

நாலு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பள்ளத்தாக்கில் காசு சேர்க்கிறவர்கள் மத்தியில் அவனுக்கு ‘உப்புக்காகிதம்’ என்றே பேர் விழுந்தது. நிலம் கைவிட்டுப் போனது. நிலம் போனதுகூடப் பெரிதில்லை. ரொட்டிக் கடை வாசலில் எவனோ முகம் தெரியாதவன், “என்ன உப்புக்காகிதம், சௌக்கியமா?” என்று கேட்டானே, அது போதும்.

இன்னொருவனாக இருந்தால் குடித்துவிட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்திருப்பான். ஆரின் ஒரு பல்பு வாங்கினான். எழுபத்தைந்து வாட், தகரக் குடை போட்டது. வீட்டில் ஒரு மரப்பெட்டிக்கு மேல் அதை மாட்டி, வேலை விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம் காசு பார்த்தான். இரவல் காசு, வாடகைக்கு எடுத்த காசு, வங்கியில் மாற்றிய காசு. யாரும் தொடாத வெள்ளி டாலரை விளிம்பில் பிடித்து ஒற்றை விளக்கடியில் சாய்த்தால், வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி காசின் முகத்தைச் சுற்றி ஓடும். பிரஷ் போட்ட காசும் பளபளக்கத்தான் செய்யும். ஆனால் வெளிச்சம் நின்ற இடத்திலேயே நிற்கும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆரினுக்கு அது கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

சுரங்கம் மூடிய பிறகு அந்தக் கண்தான் சோறு போட்டது. சாக்ரமென்டோவிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் வியாபாரிகள் சாக்கு சாக்காக டாலர்களைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினார்கள். ஆரின் தரம் பிரித்தால் அது தரம். கல்லூரி படித்தவர்கள் லென்ஸை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழிக்கிற காசை அவன் மூச்சு விடும் நேரத்தில் சொல்வான். ஏமாந்தது மொத்தம் மூன்று காசில். மூன்றையும் தேதியோடு சொல்லுவான். வீடு வாங்கினான், இரண்டு பிக்கப் வண்டி வாங்கினான், ஒரு காசு யாரிடமும் கடன் இல்லை. அந்த 1893 டாலரை மட்டும் விற்கவில்லை. அதற்கு விலை கேட்டவர்களிடம், “ஆள் குறிச்சாச்சு” என்பான்.

கார்சன் நாணயச் சங்கம் மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடும். பெருமை பேசுகிறவர்களை அடக்குவதற்கென்றே அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சொந்தக்காரன் பேர் சொல்லாமல் ஒரு காசைத் தட்டில் சுற்றி விடுவார்கள். பார்த்தவன் தரமும் விலையும் எழுதிக் காப்பி டப்பாவில் போட வேண்டும். சொந்தக்காரன் ‘கொடுத்தேன்’ என்று சொல்லிவிட்டால், அதிக விலை எழுதியவன் அந்த விலைக்கே அங்கேயே ரொக்கமாக வாங்கியாக வேண்டும். பின்வாங்கினால் சங்கத்தில் இடமில்லை.

எழுபத்து நாலு வயதிலும் ஸ்ட்ரோபெல் மாதம் தவறாமல் வருவான். பீச் பழ ‘பை’ பலகாரம் வைத்திருக்கும் மேஜைதான் அவன் இடம். மேலே டியூப் லைட். மூலையில் ஒற்றை பல்பு விளக்கு வைத்த மேஜை இருந்தும் அவன் எழுந்து போக மாட்டான். “விளக்கெல்லாம் கத்துக்கிறவனுக்கு” என்பான். டியூப் லைட்டில் எந்தக் காசிலும் சக்கரம் ஓடாது. நல்லதும் கெட்டதும் ஒரே வெளுப்பு. ஆரின் இதை மூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்தான். அக்டோபர் 1997இல் அந்த டாலரைத் தட்டில் வைத்தான்.

சங்கச் செயலாளர் லவோன் தட்டை எடுத்துச் சுற்றினாள். பாதிப் பேர் விளக்கு மேஜைக்குப் போய்ப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஏதோ எழுதிப் போட்டார்கள். ஸ்ட்ரோபெல் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிப் பார்த்தான்.

“விளக்குகிட்ட கொண்டு போய்ப் பாருங்களேன் வெண்டல்” என்றாள் லவோன்.

“நீ பல் தேய்க்கக் கத்துக்கிட்ட காலத்துலேருந்து நான் காசு பாக்கிறேன்மா. பையிலேருந்து நேரா வந்த காசு இது. ஒரு கை படல.”

ஆரின் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தான். 

லவோன் டப்பாவைக் கவிழ்த்துப் படித்தாள். ஐம்பது, எழுபது, அறுபத்தைந்து, நூறு. கடைசிச் சீட்டைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. “வெண்டல், ஆயிரத்துத் தொள்ளாயிரம்.”

“கொடுத்தேன்” என்றான் ஆரின்.

ஸ்ட்ரோபெல் திரும்பினான். “உப்புக்காகிதம், உன்னுதா இது?”

“என்னுதுதான். விளக்குக்குக் கொண்டு வாங்க, மிஸ்டர் ஸ்ட்ரோபெல். கத்துக்கிறவனோட விளக்குதான், பரவால்ல.”

கூடமே விளக்கைச் சுற்றி நின்றது. ஸ்ட்ரோபெல் சாய்த்தான். மறுபடி சாய்த்தான். வெளிச்சம் அசையவில்லை. கழுத்து வரை சிவந்தான். தோற்றாலும் தெரிந்தவனாகத் தோற்க வேண்டும் என்கிற வீம்பு அவனுக்கு.

“பிரஷ்தான். இது கையால போட்டதும் இல்ல. பித்தளை பிரஷ், பல் டாக்டர் டிரில்ல மாட்டிப் போட்டது. காசுல இருக்கிற பொம்பளை உருவத்தோட கன்னத்துல ரெண்டு சுத்து, அப்புறம் தலைமுடி பக்கம் லேசா. நல்ல வேலைக்காரன். சாதாரணக் கண்ணுக்குச் சிக்காது.”

“டிரில்லா?” என்றாள் லவோன். “அதெப்படி அவ்வளவு கரெக்டா சொல்றீங்க? உங்க பல் டாக்டர் தம்பியோட பழைய டிரில் உங்க கடை பின்னறையில கிடந்ததை நானே பாத்திருக்கேனே.”

யாரோ இருமினார்கள். 

“எழுபத்தொண்ணு மார்ச்” என்றான் ஆரின். “உங்க கடை. முந்நூத்திப் பத்து டாலர். ஒரு கை படலன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நாலு பேர் முன்னாடி சொன்னீங்களே, யார் தேய்ச்சதுன்னு. இன்னிக்கு முப்பது பேர் இருக்காங்க. மறுபடி சொல்லுங்க.”

“பழசெல்லாம் எதுக்கு இப்போ…”

“யார் தேய்ச்சது?”

“நான்தான்” என்றான் ஸ்ட்ரோபெல், காசைப் பார்த்தபடி. பிறகு தாழ்ந்த குரலில், “முந்நூத்திப் பத்தை வாங்கிக்கோ ஆரின். வட்டி வேணும்னா போட்டுத் தரேன். இதோட விட்டுடு. எனக்கும் வயசாச்சு.”

இருபத்தாறு வருஷத்தில் அவன் ஆரினைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆரினுக்கு மனசு இளகவில்லை. இளகும் என்று எதிர்பார்த்தவர்கள் அவனை அறியாதவர்கள்.

“விலை எழுதினது நீங்க. நான் ஒரு டாலர் கூட்டிக் கேக்கல, குறைச்சும் வாங்க மாட்டேன்.”

“செக் எழுதறேன்.”

“ரொக்கம்” என்றாள் லவோன். “வழக்கம் அதுதான்.”

வியாபாரி பாக்கெட்டில் எப்போதும் நோட்டுச் சுருள் இருக்கும். ஸ்ட்ரோபெல் அதை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினான். எல்லாம் ஐம்பது டாலர் நோட்டு. மேஜை மேல் வைக்கப் போனான்.

“மேஜையில இல்ல” என்றான் ஆரின். பாறை துளைத்துக் காய்த்துப் போன வலது கையை விரித்து விளக்கடியில் நீட்டினான். “இதுல. சத்தமா எண்ணுங்க. நான் அதிகம் படிக்காதவன், மெதுவா எண்ணுங்க.”

ஸ்ட்ரோபெல் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக வைத்தான். இருபதுக்கு மேல் குரல் கம்மியது. “கேக்கல” என்றான் ஆரின். ஸ்ட்ரோபெல் அந்த எண்ணை மறுபடி சொன்னான். யாரும் பலகார மேஜைப் பக்கம் போகவில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டாவது நோட்டு அந்தக் காய்ப்பின் மேல் வந்து படிந்தது.