துணியை ஒப்படைக்கப் போனவன்

படத்தின் வட்டு வந்து சேர்ந்த அன்று என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறவள் சேலம் ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் இருப்பாய் என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன். ஒன்பது வயதில் ராசிபுரத்துத் தியேட்டரில் ஒரே ஒரு தடவை பார்த்த இங்கிலீஷ் படம் அது. பறக்கிற மனிதன், முதுகில் சிவப்புத் துணி. நாற்பது வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் அந்தத் துணி படபடக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அதைத் துடைத்துச் சுத்தப்படுத்தி, தமிழ் சப்டைட்டிலும் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனசு பொறுக்கவில்லை. வட்டை ஓட்டுகிற பெட்டியையும் சேர்த்தே வாங்கினேன்.

அப்பா அப்போது ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடுகிற அந்த வண்டி திருச்செங்கோட்டில் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டே போகும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போதுதான் எங்களுக்கு அப்பா. வந்த முதல் வாரம் நான் அவர் பக்கத்திலேயே போகமாட்டேன். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். பழகி மடியில் ஏறி உட்காருகிற சமயத்தில் தகரப்பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிடுவார். கம்ப்ரசர் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் நின்றதில் முப்பத்தைந்து வயதுக்குள் அவருக்குக் காது பாதி போய்விட்டிருந்தது. இடது காதுப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொன்னால் கேட்கும்.

அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனதும் அப்படிக் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள்தான். அம்மாவின் கண் காலையிலிருந்தே சிவந்திருந்தது. தியேட்டருக்குள் பீடிப் புகை மெதுவாக மேலே ஏறி, படம் காட்டுகிற வெளிச்சத்துக்குள் போனதும் நீலமாகவும் சிவப்பாகவும் மாறியது. நான் திரையைப் பார்த்ததைவிட அந்தப் புகையைப் பார்த்ததுதான் அதிகம். படச்சுருள் தேய்ந்து திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியதால், அந்த ஊரில் எந்நேரமும் மழை பெய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வசனம் யாருக்கும் புரியவில்லை. பெஞ்சுக்கு ஒரு ஆள் கதை சொன்னார். எங்கள் பெஞ்சுக்கு அப்பா. அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தனை ஊர் பார்த்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

கடைசியில் ஒரு மொட்டைமாடி. கீழே ஊர் முழுக்க விளக்கு. அவன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினான். அம்மா அப்பாவின் இடது காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க சொல்றான்?"

அதுவரை திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்த அப்பா அந்த இடத்தில் அம்மா பக்கம் திரும்பினார்.

"இனிமேப் பறக்கிற சோலியே வேண்டாங்கிறான். இந்தத் துணிய ஆபீசுல ஒப்படைச்சுட்டு ஊட்டுக்கே வந்தர்றானாமா."

"சோத்து நேரத்துக்கு வந்துருவானாங்க?"

"வந்துருவான்."

அவன் மாடியிலிருந்து எழும்பிப் பறந்து, சின்னதாகி, நட்சத்திரத்தோடு நட்சத்திரமாகப் போனான். அந்த ஆபீஸ் நிலாவுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பஸ்ஸில் அப்பாவின் தோளில் தூங்கிப்போனேன். மறுநாள் காலையில் ரிக் வண்டி அப்பா இல்லாமல் கிளம்பியது. பிறகு அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஊர் வாயை யார் மூடுவது? அந்த வருஷம்தான் வண்டியில் ராடு நழுவி எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் கை போயிருந்தது. அதைப் பார்த்துப் பயந்து ஓடிவந்துவிட்டார் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் சொந்தமாக ரிக் வாங்கி மாடி வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டில் ஓடுதான். எனக்கு இருபது வயது ஆனபோது, மேலே படிக்க வைக்க முடியாது என்று அவர் சொன்ன நாளில், என் வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் பயந்து ஓடிவந்ததுக்கு நாங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். அவர் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவே இல்லை. அதைக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால், அவர் காதில் விழாத வார்த்தையை நானே போய்ச் சொன்னதாகிவிடுமே என்று முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து வட்டைப் போட்டேன். வெளியே மேகம் கூடி மோடம் போட்டிருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டதும் அறை பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிட்டது. மழைக்கோடு ஒன்றுகூட இல்லை. சிவப்புத் துணியின் ஓரத்தில் போட்ட தையல் தெரிந்தது. அவன் நெற்றி வியர்வை தெரிந்தது. பறக்கும்போது இடுப்பில் கட்டிய கம்பிகூட ஒரு நொடி மினுங்கி மறைந்தது. நான் சிரித்துக்கொண்டே, ஒன்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவே எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த மொட்டைமாடி வந்தது. கீழே எழுத்து வந்தது. "நான் போக வேண்டும். ஆயிரம் பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். என்னை மறந்துவிடு."

நிறுத்தினேன். பின்னால் ஓட்டித் திரும்பவும் பார்த்தேன். அதே எழுத்துதான். துணி இல்லை, ஆபீஸ் இல்லை, வீடு இல்லை. கல்லூரி விடுதியில் இந்தப் படத்தின் முடிவைப் பற்றி ஒருத்தியிடம் சண்டை போட்டு, நீ பார்த்தது இரண்டாம் பாகமாக இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் கோபம்தான் வந்தது, இத்தனை வருஷம் ஏமாந்தோமே என்று. அப்புறம்தான் உறைத்தது. இங்கிலீஷ் தெரியாத, காதும் சரியாகக் கேட்காத ஒரு மனுஷன், பெட்டி கட்டி வைத்துவிட்டு வந்து, பொண்டாட்டியிடம் நேராகச் சொல்ல வாய் வராமல், திரையில் இருந்தவன் வாயில் அதை வைத்துச் சொல்லியிருக்கிறார். ரிக்கை விட்டது அந்தப் பெஞ்சில்தான். நான் அழுதேன்.

அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் படம் பார்க்க வரச் சொல்லி அப்பா அம்மாவிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அம்மா கண் ஆப்பரேஷன் செய்துகொண்ட பிறகு மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறாள். நாற்பது வருஷமாக நம்பிய ஒரு வார்த்தை பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பா அவள் முன்னால் தலைகுனிய வேண்டும். சப்டைட்டிலை எடுத்துவிடலாம் என்றால் அப்பாவுக்கு ஒன்றுமே புரியாது. வட்டு ஓட்டுகிற பெட்டி கெட்டுப்போனது என்று பொய் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கு நெய்யோடு இருவரும் வந்து இறங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அது அவர் கைக்குப் போனால் திரும்பி வராது. படம் ஓட ஆரம்பித்தது. அவர் உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவன் பறக்கும்போது முன்னால் குனிந்து, இந்த ஆளுக்கு இவ்வளவு மெல்லிசு ரோப்புப் பத்தாது, ஆனாலும் அறுந்துவிடாமல் மாட்டிவிட்டவன் வேலை தெரிந்தவன்தான் என்றார். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

மொட்டைமாடி வந்தது. நான் அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து வந்தது. அம்மாவின் கண் இடமிருந்து வலமாக ஓடிக் கடைசி வார்த்தையில் நின்றது. அப்பாவின் உதடு அசையவில்லை. அவர் விரல் எதேச்சையாகப் பட்டதோ என்னவோ, படம் அந்த எழுத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அம்மா அவருடைய இடது காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க சொல்றான்?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். எழுத்து எதிரிலேயே இருந்தது.

"துணிய ஒப்படைச்சுட்டு ஊட்டுக்கே வந்தர்றானாமா."

"சோத்து நேரத்துக்கு வந்துருவானாங்க?"

"வந்துட்டானே புள்ள."

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு சாம்பாரைச் சூடு பண்ண வேண்டும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

நான் அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கேட்காத காதுப் பக்கம். எழுந்து இடது பக்கம் சுற்றிப் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, முணுமுணுப்பாகத்தான் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு சைக்கிள்கிட்ட நின்னு நான் பேசுனது தப்புங்கப்பா."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் ரிமோட்டை மடியில் வைத்தார்.

"கேட்டுச்சு சாமி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கும் கேட்டுச்சு."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். அப்பா என் தலையில் கையை ஊன்றி எழுந்து சாப்பிடப் போனார்.