சகலை போட்ட கதவு

கலவையில் ஒரு கைப்பிடி அள்ளி உருட்டி, ஒரு சாண் உயரம் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார் மேஸ்திரி. உருண்டை உடைந்தால் தண்ணீர் போதாது. விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். உள்ளங்கையில் சற்றே அமுங்கி உட்கார்ந்தால்தான் அவர் தொண்டையிலிருந்து ஒரு ‘ம்’ வரும். இரும்பு வார்க்கும் அந்த ஆலையில் இருபத்திரண்டு வருடமாக அந்த ‘ம்’ இல்லாமல் எந்த உலைக்கும் உட்சுவர் ஊற்றியதில்லை.

காஸ்டபிள் என்பது சிமென்ட் போலக் குழைத்து ஊற்றுகிற, அனலைத் தாங்கும் கலவை. அதைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். “அவசரப்படுத்தினா முறுக்கிக்கும். ஒரு நாள் முழுக்கத் தூங்க விடணும். அப்புறம் மெல்ல மெல்லச் சூடு காட்டணும்.”

நிஜ மாப்பிள்ளை ஒருவர்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தார். மனைவியின் தங்கை கணவர். வேறு ஆலையிலிருந்து இங்கே வந்து, இரண்டாம் உலையின் கதவைப் போட்டவர். கலவையில் விரல் நீள எவர்சில்வர் ஊசிகளைக் கலந்து ஊற்றினார். “விரிசல் வந்தாலும் ஊசி ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும். பேந்து விழாது” என்றார். மேஸ்திரி சிரித்தார். “ஊசி போட்டாத்தான் நிக்கும்னா அது நோயாளி.” ஆலை முழுக்க அந்தப் பேச்சு சுற்றியது. ஒரு வாரம் நடையிலேயே மிதப்பு.

இரும்புச் சட்டத்துக்குள் இந்தக் கலவையை ஊற்றிச் செய்யும் கதவுதான் உலையில் அதிகம் அடிபடும் இடம். மூடினால் நெருப்பு, திறந்தால் குளிர்காற்று. மேஸ்திரியின் கதவுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். சகலையின் கதவு ஒன்பதாம் மாதத்திலும் தாக்குப்பிடித்து நின்றது.

“என் தங்கச்சி வீட்டுக்காரர் போட்ட கதவு அசையவே இல்லையாமே?” என்று சாப்பாட்டின் நடுவே கேட்டாள் மனைவி. மேஸ்திரிக்கு அதற்குமேல் ஒரு கவளம் இறங்கவில்லை.

உலை ஆறியிருக்கும் வார விடுமுறைகளில் டார்ச்சோடு போய் அந்தக் கதவைத் தடவத் தொடங்கினார். ஒருநாள் கிடைத்தது: மயிரிழை அகலத்தில் ஒரு விரிசல். அன்று வீட்டில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் சவர பிளேடைச் செருகிப் பார்த்தார். நுனி மட்டும் போனது. எட்டு வாரம் செருகினார். நுனிக்கு மேல் போகவே இல்லை.

அதற்குள் மேஸ்திரி போட்ட கதவு ஒன்றில் கீழ்மூலை பெயர்ந்து, தலையணை அளவு துண்டு விழுந்தது. உலைக்காரர் ஒருவர் நின்றிருந்த இடத்திலிருந்து இரண்டே அடி. யாருக்கும் காயமில்லை. மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. “அடுத்த கதவுல ஊசி போட்டுடுங்க. நீங்களே போடுங்க.”

போடுவது எப்படி என்று யாரிடம் கேட்பது? கேட்க ஒரே ஆள்தான் இருந்தார். கேட்க நாக்கு புரளவில்லை. ஊசிப் பெட்டியை அப்படியே மிக்ஸரில் கவிழ்த்தார். ஊசிகள் பின்னிக்கொண்டு குருவிக்கூடு குருவிக்கூடாக உருண்டன. கையை விட்டுப் பிரித்ததில் கையுறையைத் தாண்டி மூன்று விரலில் ரத்தம்.

“அண்ணே, கொட்டக்கூடாது. தூவணும்.” பின்னால் சகலை நின்றிருந்தார்.

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ணே. கை கிழிஞ்சிருக்கேன்னு சொன்னேன்.”

மேஸ்திரி அந்தக் கலவையைத் தானே வாரி வெளியே கொட்டினார். புது மூட்டையைப் பிரித்தார். சகலை பெரிய கண் சல்லடை ஒன்றைக் கொண்டுவந்து, சுற்றும் மிக்ஸருக்குமேல் பிடித்து மெல்ல ஆட்டினார். ஊசிகள் தூறலாக இறங்கின. ஒன்றோடொன்று ஒட்டாமல் கலவைக்குள் மறைந்தன. மேஸ்திரி அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை அழகான ஆட்டம்! வயிறு எரிந்தது.

இரும்புப் படியில் மேனேஜரின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மேஸ்திரி சல்லடையைச் சகலையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மிக்ஸரின் வாய்க்கும் சகலைக்கும் நடுவே முதுகைத் திருப்பி நின்று, அதே ஆட்டத்தில் தூவத் தொடங்கினார்.