செருப்பு விற்பவர் எந்தக் குடி?

“அது இரிக்கட்டும் தம்பி, நீங்க எந்தக் குடி?”

கைப்பேசி அரிசி வாளியில் சாய்ந்து நிற்கிறது. அதன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த கொழும்புச் செருப்புக் கடைக்காரர் விலை சொல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் தெருவுக்கே அக்காவான ஸைனம்பு ராத்தாவுக்கு அவசரமில்லை. இடியப்பத்தைப் பிழிந்துகொண்டே காத்திருக்கிறார். “மேடம், ஓடர் போடுறீங்களா இல்லையா?” என்று குரல் வந்ததும் அழைப்பைத் துண்டிக்கிறார்.

“உம்மாட குடி சொல்லத் தெரியாதவனுக்கு எப்பிடிப் புள்ள காசனுப்புற?” இது வேலியோரம் இடியப்பம் வாங்க நிற்கும் எனக்கு.

இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் குடி என்பது தாய்வழி வம்சம். ஒரே குடிக்காரர் கூடப்பிறந்த முறை, அவர்களுக்குள் கல்யாணமில்லை. ஆகவே கல்யாணம் பேசும்போது குடி கேட்பார்கள். ஒன்லைன் கடைக்காரரிடம் கேட்பவர் ராத்தா ஒருவர்தான்.

சூடு கண்ட பூனை அவர். போன நோன்புப் பெருநாளுக்கு மகள் சபூறாவுக்கென்று ஒன்லைனில் அபாயா அங்கி ஒன்றுக்குப் பணம் கட்டினார். பார்சலில் வந்தது கிரிக்கெட்டில் விக்கெட் காப்பவர் போடும் கையுறை. அதுவும் இடக்கைக்கு மட்டும். ராத்தா அழுதார், சபித்தார், பிறகு அதை மாட்டிக்கொண்டு இடியப்பச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிப் பார்த்தார். சுடவில்லை. “அல்லா ஒண்டையும் வீணாக்கமாட்டான்” என்றார். வலக்கைக்கு மட்டும் இன்னும் பழந்துணிதான்.

இவ்வளவு பட்டும் மறுபடி ஒன்லைன் பக்கம் போகக் காரணம் மருமகன் நிப்றாஸின் பாதம். கல்முனை பஜார் முழுக்க அலைந்தும் அந்த அளவுக்குச் செருப்பில்லை. ஒரு கடையில் செருப்புப் பெட்டியையே போட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். கல்யாணமான பிறகு வரும் முதல் ஹஜ்ஜுப் பெருநாள். மாமி வாங்கிக் கொடுத்த செருப்பில்லாமல் மருமகன் பள்ளிவாசலுக்குப் போனால் ராத்தா ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது? மருமகனோ வாய் திறந்து எதையும் கேட்காத மனிதர். அதுதான் ராத்தாவை வதைத்தது.

கடைசியில் ஒருவன் அகப்பட்டான். குடியைக் கேட்டதும் தயங்காமல் சொன்னான். ராத்தாவின் குடியேதான். உம்மாவின் ஊர் பாலமுனை என்றான். “அப்ப நீ எனக்குத் தம்பி முறை” என்று சொல்லி அப்போதே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். மறுநாள் அவனுடைய ஒன்லைன் பக்கமுமில்லை, இலக்கமும் வேலை செய்யவில்லை.

ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். ராத்தா பாலமுனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “ஏமாறாம இரிக்கவா புள்ள குடி கேட்ட? ஏமாந்தாத் தேடிப் புடிக்கத்தான்.”

பெயர் பொய், கடை பொய், செருப்புப் படமும் பொய். குடியில் மட்டும் அவனுக்குப் பொய் வரவில்லை. இந்தக் கரையில் பிறந்த வாய் அப்படி. பாலமுனையில் தன் குடிப் பெண்களிடம் ராத்தா கேட்டது ஒரே கேள்வி: “வேலவெட்டி இல்லாமப் புது மோட்டர்சைக்கிள்ள திரியிறவன் ஆர்ர மகன்?” எல்லோரும் சபியா உம்மாவின் வீட்டைக் காட்டினார்கள்.

பெருநாளுக்கு முந்தின நாள் சபியா உம்மா மகனைச் சட்டையோடு பிடித்துக் கூட்டிவந்தார். அவன் கையில் செருப்பு. எங்கும் கிடைக்காமல், சொல்லித் தைப்பித்ததாம். நிப்றாஸ் போட்டு நாலடி நடந்தார். “அளவாரிக்கி மாமி” என்று சிரித்தார். ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

“தம்பி முறைக்காரன் வெறும் வயித்தோட போகப்படா” என்று, கையுறையை மாட்டிச் சட்டியைத் தூக்கினார். அதைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. சபியா உம்மாவுக்கோ ஒரே ஆச்சரியம்.

“இதிர மத்தக் கை எங்கட குசினில கெடக்கு ராத்தா. நானும் சட்டி எறக்கத்தான் வெச்சிரிக்கன். இவன்தான் கொண்டுவந்து தந்த.”

ராத்தா சட்டியை மெல்லக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றவில்லை.

“சபூறாட அபாயா?” என்று கேட்டு, அந்தக் கையை விரித்து அவன் முன்னால் நீட்டினார்.