மெடிக்கலில் வாங்கிய தாளிப்பு எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்கள் வீட்டில் கறிக்குழம்பு. எங்கள் வீட்டில் சித்தியின் பரிசோதனை. பத்து வயதில் எனக்கு வாரத்தில் இருந்ததே கறிக்குழம்பு என்கிற அந்த ஒரு நல்ல சாப்பாடுதான். அதில் மண்ணை அள்ளிப் போட்டவள் ஒரு இத்தாலிக்காரி. ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சித்தி சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே தங்கியிருந்த அந்த அம்மாள் தன் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சமையலையெல்லாம் சித்திக்குக் கற்றுக்கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஊருக்குக் கிளம்பும்போது, உங்கள் மசாலாவையும் இதில் சேர்த்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அனுபவித்தது நாங்கள்.

பாஸ்தாவை வேகவைத்து அதன் தலையில் பூண்டுக் குழம்பை ஊற்றுவாள். அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "சைக்கிள் டியூப நறுக்கிப் போட்டாப்ல இருக்குதே" என்பார். வெள்ளரிக்காயைத் துருவித் தயிரில் கலந்து அதற்கு ஏதோ கிரேக்கப் பெயர் சொல்வாள். தயிர்ப்பச்சடிதானே என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். எல்லாவற்றிலும் கொடுமை ஹம்மஸ். வெந்த கொண்டைக்கடலையை வறுத்த எள்ளோடு மிக்ஸியில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து மைய அரைத்து, மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவாள். தோசைக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. கோயிலில் கொடுத்தால் ஆசையாக வாங்கித் தின்கிற சுண்டலை இப்படிப் பண்ணிவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "அது சுண்டலாவே இருந்துட்டுப் போகட்டுமே" என்று சித்தப்பாகூடக் கெஞ்சிப் பார்த்தார்.

தாளிக்க ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்று வேறு பிடிவாதம். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் மளிகைக் கடைகளில் அது ஏது? மெடிக்கலில்தான் சின்ன டப்பாவில் கிடைக்கும். பிள்ளைத்தாச்சிகள் வயிற்றில் தடவவும், பிறந்த குழந்தைக்குத் தேய்த்துவிடவும் வாங்குவார்கள். எனக்குப் பிடிக்காத சாப்பாட்டுக்கு நானே வெயிலில் போய் எண்ணெய் வாங்கிவர வேண்டும். "யாருக்கும்மா?" என்று மெடிக்கல்காரர் கேட்டார். சித்திக்கு என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு சாக்லேட் கொடுத்தார். நடந்து வந்ததற்குக் கூலி என்று வாயில் போட்டுக்கொண்டேன்.

சித்திக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னை மிரட்டி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வளைகாப்பு, பெயர் வைப்பு என்று யார் அழைத்தாலும், "அடுப்புல வேல இருக்குது" என்று சித்தி சொல்லிவிடுவாள். போய்த் தொலைந்தால் எங்களுக்குக் கறிக்குழம்பாவது கிடைக்குமே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

நாலைந்து டப்பா வாங்கியிருப்பேன். தெரு மாறத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா மாங்காய் கொடுத்தனுப்பினாள். குழாயடியில் வேறொருத்தி சித்தியின் குடத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். சித்திக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, தெருவுக்கெல்லாம் ஹம்மஸ் குடுத்ததுக்கு எவ்ளோ மரியாதைனு" என்று என்னிடமே பெருமை அடித்தாள். இந்தத் தெருவுக்கு நாக்கே கிடையாதா என்று நான் நொந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தியின் அம்மா வந்து நின்றாள். கையில் பூ, பழம், அதிரசம், ஒரு பொட்டலம் கண்ணாடி வளையல். வாசலிலேயே சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

"பெத்தவகிட்டகூட சொல்லலியேடி. பஸ்ல வந்தவங்க சொல்லித்தான் தெரியுது. மெடிக்கல்ல எண்ண வாங்கறியாமே. எத்தினி மாசம்?"

சித்தி அவள் கையை மெதுவாக விலக்கினாள். அடுப்படிக்குப் போய் எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இது சமையலுக்கும்மா."

அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு டப்பா எண்ணெய்க்கா இவ்வளவு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசை வேறு ஆறிக்கொண்டிருந்தது.

சித்தியின் அம்மா வளையல் பொட்டலத்தைப் பைக்குள் அடியில் தள்ளினாள். பிறகு கீழே உட்கார்ந்து, "பசிக்குதுடி. நீ ஆக்கினதப் போடு" என்றாள். ஊருக்கு வந்தால் ஓட்டலில் காப்பிகூடக் குடிக்காதவள், தோசையைப் பிய்த்து அந்த ஹம்மஸை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்குது. இன்னும் கொஞ்சம் வையி."

சித்தி வைத்தாள். சாப்பிடச் சாப்பிட அவள் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக்கூட இல்லை.

ஹம்மஸில் சித்தி மிளகாய் போடுவதில்லை. அன்றைக்குப் புதிதாக எதையோ போட்டுத் தொலைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வயதானவளை இப்படி அழவைப்பதெல்லாம் ஒரு சமையலா? பெரியவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்களே என்று எரிச்சலோடு எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தேன்.

"காரம் ஜாஸ்தியாயிடுச்சு, ஆயா. இத வாயில போட்டுக்கோங்க."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். கொஞ்சம் போட்டேன். பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. சித்தியின் கை. சித்தி இன்னும் சாப்பிடவே உட்காரவில்லையே என்று யோசித்துக்கொண்டே அதிலும் கொஞ்சம் போட்டேன்.