குங்குமம் வைத்த தோட்டாக்கள்

என்னுடைய சித்தப்பா ஒரு வெள்ளைக்காரர். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தாதி வேலைக்கென்று சுவிஸுக்கு வந்த சித்தி, ஆராவ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் மின்சார வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் சண்டையால் ஊரில் இருக்க முடியாமல் அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது அவர்களுடைய மேல்மாடிக்குத்தான். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அந்த வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் அம்மா படியிறங்கும்போதுகூடச் சத்தம் வராமல் இறங்குவார்.

சித்தப்பா அதிகம் கதைக்க மாட்டார். அவருடைய உலகம் வீட்டுக்குக் கீழே, கெல்லர் என்று எல்லோரும் சொல்லும் நிலவறையில் இருந்தது. அங்கே அவர் தன் துப்பாக்கிக்கான தோட்டாக்களைத் தானே செய்தார். பயந்துவிட வேண்டாம், அவர் சுட்டது காகிதத்தை மட்டும்தான். முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் காகித வட்டத்தின் நடுவைத் துளைப்பது அந்தக் கிராமத்து ஆண்களுக்குப் பொழுதுபோக்கு. சித்தப்பாவுக்கு அது பொழுதுபோக்கையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. மற்றவர்கள் கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டுவிட்டு பியர் குடிக்கப் போவார்கள். இவரோ வெற்றுப் பித்தளைக் கோதுகளை நகைக்கடைக்காரரைப் போலத் துடைத்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, அடியில் பொறி தட்டும் கேப்பைப் பொருத்தி, வெடிமருந்தைச் சின்னத் தராசில் மணி மணியாகச் சேர்த்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துவார். பிறகு சுடுதளத்துக்குப் போய் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பார். துளைகள் சிதறியிருந்தால் மருந்தைக் கொஞ்சம் கூட்டுவார், அல்லது குண்டை மயிரிழை உள்ளே தள்ளுவார். ஒரு தடவையில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடுமாம்.

"ஒரு குண்டு சுட இவ்வளவு சமையலோ?" என்று அம்மா சித்தியிடம் கேட்டுச் சிரித்தார்.

ஆனால் எனக்கு அந்தச் சமையல் பிடித்துப் போயிற்று. சித்தப்பா தராசுக்கு முன்னால் இருக்கும்போது நான் மூச்சுவிடவும் யோசிப்பேன். அவருக்குப் பிடித்த ஒரு சொல் இருந்தது, 'க்ளீஹ்'. ஒரே மாதிரி என்று பொருள். தோட்டா பெரிதாயிருக்க வேண்டாம், வேகமாயிருக்க வேண்டாம், ஒன்றைப் போலவே மற்றதும் இருந்தால் போதும், துப்பாக்கி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பார். அந்தக் கோடை முழுக்க அவர் தேடியது அதைத்தான். புரட்டாசி பிறக்கிற நேரத்தில் அது கிடைத்தும் விட்டது. ஐந்து துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்த காகிதத்தைக் கெல்லர்ச் சுவரில் குத்தி வைத்தார். பருவத்தின் கடைசிப் போட்டிக்கு அதே அளவில் தோட்டாக்கள் செய்து, குழி குழியாகத் துளையிட்ட மரக்கட்டையில் மூக்கு மேலே தெரிய அடுக்கி வைத்தார். அந்தப் போட்டியில் அவர் ஒரு முறைகூட முதலாவதாக வந்ததில்லை. அவர் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போட்டிக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை வந்தது. சுவிஸில் எங்களுக்கு அதுதான் முதல் சரஸ்வதி பூசை. அம்மா அலமாரித் தட்டொன்றை வெறுமையாக்கி, சரஸ்வதி படத்தை வைத்தார். பக்கத்தில் மாமாவின் படமும் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி, பிரச்சினைக்குள்ளே செத்துப்போனவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவரவர் தொழிலுக்கான பொருளைப் பூசையில் வைக்க வேண்டும் அல்லவா? என் பள்ளிக்கூடப் பை, அப்பாவின் ரெஸ்டோரண்ட் கத்தி, சித்தியின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் வந்தன. சித்தப்பாவுக்கு எதை வைப்பது? குறடும் திருப்புளியும் வைத்திருக்கலாம். அம்மா அப்படி யோசிக்கவில்லை. ஒரு மனுசன் எதில் உயிரை வைத்திருக்கிறானோ அதுதான் அவனுடைய ஆயுதம் என்று முடிவு செய்து, கெல்லருக்குப் போய் அந்த மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பல்குத்தும் குச்சியின் தட்டையான முனையால் ஒவ்வொரு தோட்டாவின் மூக்கிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் உதடு அசைந்தது. கண் மூடித் திறந்தது. எனக்கு அது பெரிய மந்திரமாகத் தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு இப்படியெல்லாம் தெரியுமா என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் சித்தி ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்தார். தோட்டாவை எடுக்கக் கெல்லருக்குப் போன சித்தப்பா வெறும் மேசையைப் பார்த்துவிட்டு மேலே ஓடி வந்தார். அலமாரித் தட்டில் அவருடைய கோடைகால உழைப்பு முழுவதும் வரிசையாகச் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து கையெட்டும் தூரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு முகத்தில் இரத்தம் இல்லை. முதலில் விளக்கை இரண்டு கையாலும் தூக்கி யன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தார். பிறகு குனிந்து பொட்டுகளைப் பார்த்தார்.

தான் செய்தது பிழை என்று அம்மாவுக்கு அந்த முகத்திலேயே விளங்கிவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்து அடிக்குரலில், "என்ன வேலை பாத்தனீர்? இனி இந்த வீட்டிலை எந்த முகத்தோடை இருக்கிறது?" என்றார். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

சித்தப்பா கீழே போய்த் தராசையும் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்தார். ஒரு தோட்டாவின் பொட்டைச் சுரண்டித் தராசுத் தட்டில் போட்டார். முள் அசைந்ததோ இல்லையோ தெரியவில்லை. இன்னொன்றைச் சுரண்டினார். இன்னும் சிலதை. பிறகு கண்ணாடியைப் பிடித்து வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நத்தை போலப் பார்த்துக்கொண்டு போனார். நிமிர்ந்தபோது அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு இருந்தது.

"க்ளீஹ்," என்றார் அம்மாவைப் பார்த்து.

நான்தான் மொழிபெயர்த்தேன். "எல்லாப் பொட்டும் ஒரே மாதிரி இருக்காம் அம்மா!" துடைக்கப் போனால் ஒன்றில் கூடத் துடைபடும், ஒன்றில் குறையத் துடைபடும், அதுதான் பிழையாய்ப் போகும், இப்படியே இருக்கட்டும் என்றார் சித்தப்பா. சுரண்டியவற்றைச் சும்மா பழக்கத்துக்குச் சுடலாமாம். அவர் கட்டையைத் தூக்கப் போகையில் அம்மா பயத்தையும் மறந்து குறுக்கே கை நீட்டினார். "விஜயதசமிப் பூசை முடியேல்லை. அவரை ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு." சித்தப்பா காலுறையோடு, கையைக் கட்டிக்கொண்டு, கற்பூரம் காட்டி முடியும்வரை நின்றார்.

வெளிக்கிடும்போது, ஒவ்வொரு பொட்டுக்கும் அம்மாவின் உதடு அசைந்ததைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அம்மா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். நான் யோசிக்கவேயில்லை.

"நீங்கள் வெல்ல வேணும் எண்டு," என்று அவருடைய மொழியில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குத் தலை சாய்த்தார். ஒரு வெள்ளைக்காரர் என் அம்மாவுக்குத் தலை சாய்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

சுடுதளத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா வேலையென்று நின்றுவிட்டார். துப்பாக்கிக் கழகத்து ஆண்கள் தோட்டாக்களைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பா காதில் வாங்காமல் படுத்தார், மூச்சை அடக்கினார், சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. தூரத்துக் குழிக்குள் இருப்பவர்கள் கம்பில் கட்டிய தட்டை உயர்த்தி, குண்டு விழுந்த இடத்தைக் காட்டுவார்கள். தட்டு நடுவை விட்டு நகரவில்லை. மறுபடியும் நடு. மறுபடியும் நடு. சிரித்தவர்களின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"எல்லாம் பேப்பரிலைதானே பட்டது?" என்று அம்மா கேட்டார்.

"பேப்பரிலை மட்டுமோ, நடுவிலை அம்மா! நட்ட நடுவிலை!"

"காணும், அது போதும்," என்றார் அம்மா. பாவம், அம்மாவுக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா முதலாவதாக வந்தார். பரிசு ஒரு மாட்டு மணி. அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையில் கொடுத்தார். காகிதத்தையும் கொடுத்தார். துளைகள் எல்லாவற்றையும் அம்மாவின் உள்ளங்கை மூடியது. கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். காலையில் சிரித்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, அடுத்த வருசம் தனக்கும் பொட்டு வைப்பாரா என்று கேட்டார். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரிய மனுசி மாதிரிப் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் சொன்ன எதையும் ஒருவரும் மறுக்கவில்லை. என் அம்மாவின் மந்திரத்தால் துப்பாக்கி குறி தவறாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த மாட்டு மணி இன்றைக்கும் அம்மாவின் சாமித்தட்டில் இருக்கிறது, மாமாவின் படத்துக்குப் பக்கத்தில். மாமா வீதியில் சைக்கிளில் போகும்போது வேறு யாரையோ குறிவைத்துச் சுட்ட குண்டு பட்டுச் செத்தவர் என்பது நான் வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. போன சரஸ்வதி பூசைக்கு என் மகளின் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அன்றைக்குச் சொன்னது என்ன மந்திரம் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"மந்திரமோ? எனக்கென்ன மந்திரம் தெரியும்," என்றார் அம்மா. "இது ஒரு உயிரிலையும் பட்டிடக் கூடாது தாயே எண்டு ஒவ்வொண்டுக்கும் சொன்னனான். எல்லாம் பேப்பரிலைதானே பட்டது. காணும்."