பாவாடைக் கொசுவத்தில் ஒரு ரோட்டார்

என் மாமுவின் லாரிக்குப் பெயர் கிடையாது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தாம். யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்டுப்போன வண்டி. நீலச் சாயம் உதிர்ந்த இடத்திலெல்லாம் பட்டாளத்துப் பச்சை எட்டிப்பார்க்கும். அது எந்தக் கம்பெனி வண்டி என்று கடைத்தெருவில் டீ ஆறிப்போகும்வரை தகராறு நடக்கும். மாமு மட்டும் என்ஜின் ஓரத்தில் மசகு மூடிய எண்களைத் துணியால் துடைத்து, "இங்க இருக்கு இவ பொறந்த கதை. படிக்கத்தான் நமக்குத் தெரியல. பெட்ரோல் வயிறு, அது போதும்" என்று மறுபடி மூடிவிடுவார்.

ஊர் லாரிகளெல்லாம் டீசலில் கடகடத்து வரும். மாமுவின் லாரி தையல் மெஷின் போல வரும். வாய்க்கால் பாலத்தில் அது ஏறும் சத்தத்தை உம்மா அடுப்படியில் இருந்தே கேட்டுத் தட்டை எடுத்து வைப்பாள்.

அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. சோக்கை இழுத்து, பிஸ்மி சொல்லி, என்ஜினைச் சுற்றிவிடும் இரும்பு ஹேண்டிலை முன்னால் செருகுவார். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கவே மாட்டார். மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொள்வார். பொறி பற்றும்போது என்ஜின் சில நேரம் ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். மடக்கிப் பிடித்தவன் கட்டைவிரல் அன்றோடு சரி. மாமு லாரியில் ஒருமுறை ஏறிய யாருக்கும் அந்தப் பிடி தெரியும்.

அந்த வருஷம் ஆட்சி புதிது. கடைத்தெருவெங்கும் கறுப்புச் சிவப்பு; வரப்புகளில் சிவப்பு மட்டும். சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டு, ஆட்கள் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார்கள். பண்ணையார் இறங்கி வரவில்லை. வேதாரண்யம் பக்கமிருந்து வெளியாட்களை ஏற்றிவர மாமுவின் லாரி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மற்ற லாரிக்காரர்களெல்லாம் ஆலை லோடு என்று நழுவிவிட்டார்கள். மாமு எங்கே நழுவுவது? லாரி நிற்கும் கொட்டகையே பண்ணையின் மண்ணில்தான் இருந்தது. பக்கத்து ஊரில் வெளியாட்கள் இறங்கிய அன்று அரிவாள்கள் நெல்லை மட்டும் அறுக்கவில்லை.

"வரேன்னு சொல்லிட்டியாமே?" என்றாள் உம்மா.

"வரமாட்டேன்னா கொட்டாயப் பிரிப்பாங்க. வந்தா எவன் மண்டையாவது பிரியும்," என்றார் மாமு. அன்றைக்கு இட்லி ஒன்றுகூட அவருக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குர்ஆன் ஓதிவிட்டு நான் திரும்பியபோது மாமு கொட்டகையில் என்னைக் கூப்பிட்டார். என்ஜினில் ஒரு கறுப்புத் தொப்பி உண்டு, நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஒயர்கள் முளைத்தது. அதைத் திறந்து, உள்ளிருந்து எதையோ பிடுங்கி என் கையில் வைத்தார். பழுப்பு நிறத்தில், பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டு, பம்பரத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரு ரோட்டாரு. இது இல்லேன்னா இவ பொணம். கொசுவத்துல சொருகிக்க புள்ள. யாரு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

பாவாடைக் கொசுவத்தில் ஒரு லாரியையே முடிந்துகொண்ட பெருமையில் நான் கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை.

பண்ணையின் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். மாமு ஹேண்டிலைச் சுற்றினார், சுற்றினார், வியர்த்து வழிந்தார். லாரி இருமக்கூட இல்லை. காரியக்காரர் கண்ணைச் சுருக்கினார். "நேத்து வரைக்கும் ஓடுன வண்டிதானே பாய்?"

பண்ணையின் புது டிராக்டரை ஓட்டுபவரை ஆள்விட்டு வரவழைத்தார். வேலைநிறுத்தம் செய்த தெருவில் பண்ணைச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவர். அதற்காகவே அவர் தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை. மாமுவின் முகம் வெளுத்தது. எனக்குப் பயமில்லை. டீசல்காரருக்குப் பெட்ரோல் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று மாமுவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

டிரைவர் பானெட்டுக்குள் தலையை விட்டார். கறுப்புத் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மாமுவைப் பார்த்தார். பிறகு என்னை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொப்பியை மூடிக் கொக்கி மாட்டிவிட்டு, "ஏய் பாப்பா, இங்க என்ன வேடிக்கை? அந்தப் பக்கம் போ" என்று என் தோளைப் பிடித்துப் பின்சக்கரத்துக்கு அப்பால் தள்ளினார். முரட்டுக் கை.

"காயிலு போயிருச்சுங்க. மெட்ராஸ்லேந்துதான் வரணும்," என்றார் காரியக்காரரிடம்.

"நெசமாவா? பாய், எங்க, இன்னொரு தடவ சுத்துங்க பாப்போம்."

காரியக்காரர் ஹேண்டிலுக்கு எதிரிலேயே வந்து நின்றுகொண்டார். மாமு குனிந்து பிடித்தார். நான் சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்: அவர் கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றி மடங்கியிருந்தது. வாழ்நாளில் அப்படி அவர் பிடித்து நான் கண்டதில்லை.

டிரைவர் ஒரு அதட்டுப் போட்டார். "பாய்! வெரல எடுங்க வெளிய. திருப்பி அடிச்சா யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது?"

மாமு திடுக்கிட்டு விரலை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். சுற்றினார். லாரி செத்தே கிடந்தது. காரியக்காரர் மண்ணில் துப்பிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உயிரே என் இடுப்பில் இருக்கிறது, இந்த ஆள் வண்டி திருப்பி அடிக்கும் என்கிறாரே! என்ன மட்டி!

வெளியாட்கள் வராமல் போன அந்த இடைவெளியில் தாசில்தார் வந்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். கேட்டதில் பாதி கிடைத்தது. அரிவாள்கள் கூரையிலிருந்து வயலுக்கே இறங்கின. அந்த வருஷப் பெருநாளில் நெய்ச்சோறு ஆக்கியதும், வீட்டில் யாரும் கைவைக்குமுன் முதல் சட்டியை டிராக்டர் டிரைவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார் மாமு. அடுத்தடுத்த பெருநாள்களிலும். சட்டி சுமந்தது நான்தான். "அந்த மட்டிக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுமந்தேன். மாமு சட்டியின் மூடியை இன்னும் இறுக்கிக் கட்டித் தருவார். டிரைவர் ஒவ்வொரு முறையும் சட்டியைக் கழுவி, அதில் ஒரு பிடி பச்சை நெல்லைப் போட்டுத் திருப்பித் தருவார்.

இப்போது மாமு இல்லை. லாரி இல்லை. டிரைவர் எந்த ஊரில் கண்மூடினார் என்றுகூடத் தெரியவில்லை. அண்மையில் சீர்காழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அதே போன்ற பழைய பெட்ரோல் லாரியை ஒருவர் ஆசையாய்ப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தொப்பியைக் கழற்றி, "பாருங்கம்மா" என்றார். குனிந்தேன். உள்ளே நட்டநடுவில், பித்தளை நாக்கை நீட்டிக்கொண்டு, ரோட்டார். கண்ணில் முதலில் படுவதே அதுதான். அது இல்லையென்றால் அங்கே ஒரு மொட்டைத் தண்டு தவிர ஒன்றுமே இருக்காது. டீசல்காரர் என்ன, பச்சைப் பிள்ளைகூடக் கேட்கும், இங்கே இருந்தது எங்கே என்று.

வண்டி அடிக்காது என்று தெரிந்தவர்தான் கட்டைவிரலை மடக்குவார்; காரியக்காரர் கண்ணில் அது படுமுன் அதட்டியிருக்கிறார். அடிக்கவே முடியாத ஒரு ஹேண்டிலிடமிருந்து ஒருவர் என் மாமுவின் விரலைக் காப்பாற்றியிருக்கிறார். நான் பின்சக்கரத்தின் மறைவில், அவர் தள்ளி நிறுத்திய அதே இடத்தில் நின்று, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.