மச்சான் வழியாக வெளியேறிய காற்று

மதுரையில் காசு கொடுத்து வெயில் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சித்திரை மாதத்தில். மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றால் பாதம் தோசையாகிவிடும் ஊரில், வீட்டின் உள்ளறையில் வெளிச்சம் புகாத கூடாரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் தொங்கவிட இரண்டு செடி வளர்ப்பு விளக்குகளை இணையத்தில் வரவழைத்தேன். அவற்றைக் கொண்டுவந்த கூரியர்காரர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த சூரியனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் கொத்தமல்லிக்காக. வருடம் முழுக்கக் காய்கறியோடு ஒரு பிடி மல்லித்தழையைக் கொசுறாகப் போடும் தள்ளுவண்டிக்கார அம்மா, அன்று கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொண்டார். நான் பையை விரித்தபடியே நின்றேன். “மல்லியா? வெயிலு எறங்கட்டும்ண்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார். அரசு அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கும் ஓர் ஆள், நடுத்தெருவில் தழைக்குப் பை விரித்து நின்றதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அந்த நிமிடமே, இந்தக் கோடையில் என் ரசத்தில் என் மல்லிதான் மிதக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். கொத்தமல்லிக்குச் சூடு ஆகாது, வெளியே முளைக்காது, ஆகவே உள்ளே. படித்துவிட்டுத்தான் எதையும் செய்வேன் என்று எனக்குப் பெயர். படிப்பதால்தான் கெடுக்கிறேன் என்பது என் மனைவியின் கட்சி.

கூடாரச் சட்டத்துக்கு பி.வி.சி. குழாய் போதும். சுற்றிப் போர்த்த, வெளிச்சம் வெளியே கசியாத, உட்புறம் வெள்ளையான கனத்த துணி வேண்டும் என்று படித்தேன். அப்படி ஒரு பொருள் மதுரையில் இல்லாத வீடு இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதற்கென்றாலும் அடித்து வைப்பது, காரியம் முடிந்ததும் வைக்கோல் படப்புக்கும் ஆட்டோவுக்கும் போர்த்துவது. எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தது. என் மகளின் காதுகுத்துக்கு அவளுடைய தாய்மாமன், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் செலவில் அடித்து மண்டப வாசலில் வைத்தது. முன்பக்கம் படம், பின்பக்கம் பால் வெள்ளை.

அந்த பேனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே இடது மூலையில் பிள்ளையார். அவருக்கு அடுத்து, பிள்ளையாரைவிடப் பெரியதாக, மச்சான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கூப்பிய கை, வாய்நிறையச் சிரிப்பு. காது குத்தப்பட்ட குழந்தை அவர் முழங்கையருகே ஒரு பூவுக்குள் இருந்தாள். கீழே வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். கடைசி வரிசையில், மனைவியின் திருப்பூர்ச் சித்தப்பாவுக்கும் பந்தல்காரருக்கும் நடுவில், தபால்தலை போல ஒரு தகப்பன். நான்தான்.

இந்த மச்சான் எங்கள் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் அடித்த பேனரில், அவர் படமும் என் தம்பி படமும் ஒரே அளவில் அமைந்துவிட்டன. அச்சகத்துக்காரர் அழகுக்காகச் செய்தது. மச்சான் வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்த்தார். கொண்டுவந்த பித்தளைக் குடத்தைத் தங்கை கையில் கொடுத்தார். பந்தியில் இலை போட்டிருக்கக் கை நனைக்காமல் அலங்காநல்லூர் பஸ் ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் கை நனைக்காமல் போவது என்பது வக்கீல் நோட்டீஸ் மாதிரி. இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலையும் சீரும் இல்லாமல் மணவறையில் பெண்ணை உட்கார வைத்தால் ஊர் என்ன கேட்கும், தான் என்ன பதில் சொல்வாள் என்று மனைவி தினமும் உருகினாள். அவள் பிறந்த வீடென்று மிச்சமிருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான்.

பேனரைக் கூடாரத்துக்குக் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்தாள்.

“எங்கண்ணன தலகீழா மட்டும் தொங்க விட்டுராதீக.”

நேராகவே தொங்கவிட்டேன். வெள்ளை உள்ளே, சொந்தங்கள் வெளியே. அறைக்குள் நுழைந்தால் மொத்தக் குடும்பமும் வாங்க வாங்க என்று வரவேற்றது. உள்ளே தெர்மோகோல் பெட்டிகளில் மண் நிரப்பி, மல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தேன். முளைத்தது. பச்சை நூல் நூலாக எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு அலுவலகம் போனேன். திரும்பி வந்தபோது பாதி படுத்திருந்தது.

கூடாரத்துக்குள் தலையை விட்டேன். இட்லிச் சட்டியைத் திறந்தமாதிரி ஓர் ஆவி மூஞ்சியில் அடித்தது. சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. வெயிலை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவன், உள்ளே இன்னொரு மதுரையை உண்டாக்கி வைத்திருந்தேன். ஒரு மேசைவிசிறியை உள்ளே வைத்துப் பார்த்தேன். அது அந்தச் சூட்டை ஓரிடத்தில் தங்கவிடாமல் எல்லாச் செடிக்கும் பாரபட்சமின்றிப் பரிமாறியது.

மறுபடி படித்தேன். சூடான காற்று மேலே ஏறும்; அதை மேலிருந்து உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். கீழே ஓட்டை போட்டால் புதுக்காற்று தானாக உள்ளே வரும். சமையலறைகளில் வைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும், அதிலிருந்து ஜன்னல் வரை காற்றைக் கொண்டுபோக மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயும் வாங்கினேன். இனி ஓட்டை போட வேண்டியதுதான் பாக்கி. கத்தியோடு பேனரின் முன்னால் நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது.

கூடாரத்தின் பின்புறம் சுவரோடு சுவராக இருந்தது. ஜன்னல் பக்கம், மேலே ஓட்டை போடக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: பிள்ளையாரும் மச்சானும். பிள்ளையாரின் மேல் கத்தி வைக்க எனக்குத் துணிவில்லை. நான் நாத்திகனா ஆத்திகனா என்று கல்லூரிக் காலத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், முடிவு வரும்வரை அவரைப் பகைத்துக்கொள்வதில்லை. மச்சான் மேல் அப்படி ஒரு சந்தேகம் எனக்கு இருந்ததில்லை. மனைவி பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அவர் முகத்தின் மேல் வட்டம் போட்டேன். ஏறக்குறைய அடங்கியது.

கீழே ஓட்டைக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் யாரை வெட்டினாலும் ஒரு பகை. புகார் கொடுக்காத ஒரே தலை என்னுடையது. அதை மட்டும், பக்கத்தில் சித்தப்பா காதில் படாமல், ஒரு டம்ளர் அகலத்துக்கு வெட்டி எடுத்தேன். உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிரட்டுமே என்று அந்த இடத்தில் நனைத்த வெட்டிவேரைக் கட்டித் தொங்கவிட்டேன். இருந்த இடத்தில் எனக்குத் தாடி முளைத்தது. காற்று என் வழியாக உள்ளே போய் மச்சான் வழியாக வெளியே வந்தது. எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தையும் அந்த வழிதான்.

கோயிலிலிருந்து வந்தவள் பார்த்தாள். அண்ணனின் கூப்பிய கை அப்படியே இருக்க, முகம் இருந்த இடத்தில் விசிறி சுற்றியது; அதிலிருந்து ஒரு வெள்ளி நிறக் குழாய் வளைந்து ஜன்னலுக்குப் போனது. கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை எனக்குக் கொடுக்காமல் சாமி அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு சில நாட்கள் எங்களுக்குள் பேச்சை, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் நடத்திவைத்தாள்.

மல்லி பிழைத்தது, ஆனால் செழிக்கவில்லை. விசிறி ஓடும்போதெல்லாம் பேனர் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது. ஊரே அறிந்த மச்சானின் தொப்பை, எந்த நடைப்பயிற்சியாலும் போகாதது, சுவிட்சைத் தட்டியதும் முதுகோடு ஒட்டியது. அதற்கும் படித்தேன். காற்று நுழையும் ஓட்டை, வெளியேறும் ஓட்டையைவிடப் பெரியதாக இருக்க வேண்டுமாம். என்னுடையதோ டம்ளர்; மச்சானுடையது தட்டு. கூடாரம் மூச்சுக்குத் திணறியது. சித்தப்பா திருப்பூரை விட்டு வருவதில்லை, அவரையும் சேர்த்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடலாம் என்று நான் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி என்னிடம் நேராகப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறது என்றாள். மன்றாடி வரச் சொல்லியிருந்தாள். வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், சீர் மாலை எல்லாம் தானாக வரும். அந்த அறையை மட்டும் அவர் பார்க்கக் கூடாது.

கூடாரத்தைப் பிரித்தால் செடி செத்துவிடும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், செடிக்கு அடுத்தது யார் என்பது தெளிவாக இருந்தது. அறையைச் சாத்துவது, விசிறியை நிறுத்துவது, நான் வாயைத் திறக்காமல் இருப்பது என்று உடன்படிக்கை ஆயிற்று.

ஞாயிறு உச்சிவெயிலில் மச்சான் வந்தார். “வாங்க மச்சான்” என்றேன். “நல்லாருக்கீகளா மாப்ள” என்றார், என் தோளுக்கு மேலே இருந்த கடிகாரத்திடம். மனைவி தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்தார். தண்ணீர் கணக்கில் சேராது, சோறுதான் கணக்கு. மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். அவள் கோழிக்குழம்பைச் சூடு பண்ணப் போனாள். எனக்கு நினைப்பெல்லாம் உள்ளறையில். விசிறி நின்று அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்நேரம் எல்லாம் தலை சாய்ந்திருக்கும். கை கழுவுவதுபோல எழுந்து போய், ஐந்து நிமிடம் மட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பேனர் திடும்மென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் கூடம் வரை கேட்டது. பிறகு கிர்ரென்ற ஓட்டம்.

“உள்ள என்ன மாப்ள, மாவு ஆட்டுதா?”

இல்லை, அது சும்மா என்று ஆரம்பித்தேன். சும்மா என்ற சொல்லை நம்பிய தாய்மாமன் இதுவரை பிறக்கவில்லை. அவர் எழுந்து கதவைத் திறந்தார். நான் பின்னால் போனேன். மனைவி கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

மச்சான் தன் முன்னால் தானே நின்றார். கூப்பிய கையைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். அதற்கு மேலே பார்த்தார். குழாயின் மேல் கண்ணை ஓட்டி ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

“மீச ஒரு பக்கம் மிச்சம் இருக்கு” என்றார்.

விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மனைவி, அண்ணே, அவுக செடிக்காக என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் நான் பணயம் வைத்தது கொத்தமல்லி அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கம்போலத் தாமதமாக.

“புள்ளையாராக்கிட்டீக என்னைய” என்றார் மச்சான். குரலில் வெயிலா நிழலா என்று தெரியவில்லை. பிறகு குனிந்து, கீழே தலைகளின் வரிசையில் எதையோ தேடினார். “இதுல ஒங்க படம் ஒண்ணு இருந்துச்சே மாப்ள.”

நான் மண்டியிட்டு வெட்டிவேரை ஒதுக்கிக் காட்டினேன்.

அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். மேலே தன் ஓட்டையைப் பார்த்தார். என் ஓட்டைக்குள் விரல்களைக் குவித்து விட்டுப் பார்த்தார், மணிக்கட்டோடு நின்றது. எழுந்து கையை அகலமாக விரித்து விசிறியின் விட்டத்தை அளந்தார், சாண் போதவில்லை. அந்த அளவெடுப்பை நான் மண்டியிட்டபடியே பார்த்தேன். அலுவலகத்தில் எத்தனையோ ஆய்வுகளில் நின்றிருக்கிறேன், இப்படி வேர்த்ததில்லை.

“என்னுது பெருசாத்தான் இருக்கு” என்றார்.

ரொம்பப் பெரிசு மச்சான் என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன மிகச் சரியான பதில் அது. தங்கையின் பக்கம் திரும்பினார்.

“என்னத்தா கரண்டியும் கையுமா நிக்கிற? எலையப் போடு.”

மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணத்துக்கு மண்டப வாசலில் எத்தனை அடிக்கு பேனர் வைப்பது என்பதைக் குழம்புக்கும் ரசத்துக்கும் இடையில் முடிவு செய்தார். மனைவி பரிமாறிக்கொண்டே இருந்தாள். மூன்று வருடத்துச் சோற்றையும் அன்றே போட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவர் போன பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். என் ஓட்டையைப் பெரிதாக்கினால் மல்லி பிழைக்கும். மனைவி பின்னாலேயே வந்து கதவருகே நின்றாள். சீர் கொண்டுவர மச்சான் மறுபடி வருவார், வந்தால் நேராக இந்த அறைக்குத்தான் வருவார், மறுபடியும் அளப்பார். அறிவியல், உள்ளே வரும் வழி பெரியதாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவியலுக்குப் பெண் கொடுத்த வீடு கிடையாது. கத்தியை வைத்துவிட்டேன். கூடாரம் டம்ளர் வழியாக மூச்சு விட்டுப் பார்த்தது. வைகாசி பிறப்பதற்குள் மல்லி ஒவ்வொன்றாகப் படுத்தது. காலிப் பெட்டிகளுக்கு மேலே விசிறியைத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், பார்க்க வருகிறவர்களுக்காக.

ஆனியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. தாய்மாமன் மாலை என் மகளின் கழுத்துக்குச் சற்றுப் பெரியதாக இருந்தது. பந்தியில் மச்சானை நானே உட்காரவைத்து நானே ரசம் ஊற்றினேன். மேலே தழை மிதந்தது. உறிஞ்சிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“மல்லி ஒங்க கூண்டுல வெளஞ்சதா மாப்ள?”

இல்லை மச்சான், மார்க்கெட்டில் வாங்கியது என்றேன்.

“அதானே பாத்தேன்” என்றார். “வாசமா இருக்கேன்னு.”